முன்னால் யாருமில்லை

புயல் கரையைக் கடந்த மூன்றாம் நாள். பதினோரு முகாம்களில் தங்கியிருந்தவர்களின் பெயர்கள் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்து சேர்ந்திருந்தன. முகாமுக்கு ஒரு நீண்ட வரி. பெயர், ஊர், மறுபடி பெயர், ஊர்.

அவற்றில் ஆளைத் தேடித் தரும் புரோகிராமை எழுதியவர் சந்தியாகு. துறைமுகத்தில் ஒயர்லெஸ் பழுது பார்த்தவர், ஐம்பத்திரண்டு வயது. தன்னைவிட இருபது வயது இளையவளான சென்டர் டீச்சர் பர்வீனிடம் ஆறு மாதமாகப் புரோகிராமிங் படித்துக்கொண்டிருந்தார்.

தேடும் வேலையை உண்மையில் அவர் எழுதவில்லை. புரோகிராம் மொழியோடு கூடவே வரும் ‘ஃபைண்ட்’ என்ற கட்டளை அதைச் செய்தது. பெயரைக் கொடுத்தால் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். அந்த எண்ணைப் பார்த்து ‘இருக்கிறார்’, ‘இல்லை’ என்று திரையில் காட்டுவதுதான் அவர் பங்கு.

அன்று மத்தியானம், சென்டரைத் திறந்ததும் முதல் ஆளாக அஞ்சம்மாள் வந்தாள். புருஷன் பெயரை வாயால் சொல்லாமல் ரேஷன் அட்டையை நீட்டினாள். கலியபெருமாள். சந்தியாகு தட்டினார். பதினோரு முகாமிலும் ‘இல்லை’.

“நல்லாப் பார்த்தீங்களா?”

“மிஷின் பார்த்துச்சும்மா. ஓர் எழுத்து விடாது.”

அவள் அட்டையை முந்தானையில் துடைத்து மடித்துக்கொண்டாள். “அப்ப பெரியாஸ்பத்திரிக்குப் போறேன். அங்க அடையாளம் காட்டக் கூப்பிடுறாங்களாம்.”

அவள் போனதும் சந்தியாகுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உள்ளறையிலிருந்த பர்வீனைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார்.

“தப்பில்லாமத்தான் எழுதியிருக்கேன் டீச்சர். ஆனா மனசு கேக்கல.”

“ஃபைண்ட் என்ன சொல்லுச்சுண்ணே?”

“இல்லைன்னு.”

“அது நீங்க சொன்னது. ஃபைண்ட் சொன்னதைக் காட்டுங்க.”

எண்களைத் திரையில் கொண்டுவந்தார். பத்து முகாமுக்கு மைனஸ் ஒன்று. ஆறாம் முகாமுக்கு மட்டும் பூஜ்யம்.

“பூஜ்யம்னாலும் ஒண்ணுமில்லதானே?”

பர்வீன் ஜன்னலைத் திறந்தாள். எதிர்ப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக்கு வரிசை நின்றது.

“மூணாவதா நிக்கிறவருக்கு முன்னால எத்தனை பேர்?”

“ரெண்டு.”

“முதல்ல நிக்கிற பச்சைச் சேலை அம்மாவுக்கு?”

“யாருமில்ல.”

“அதனால அவங்களும் இல்லையா? ஃபைண்ட் சொல்றது பேருக்கு முன்னால எத்தனை எழுத்து இருக்குன்னுதான், பேரே இல்லாட்டித்தான் மைனஸ் ஒண்ணு.”

சந்தியாகு ஆறாம் முகாமின் வரியைத் திறந்தார். அதன் முதல் பெயரே கலியபெருமாள். ஊரும் ரேஷன் அட்டையில் இருந்த அதே ஊர்.

அவர் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார்.

“புரோகிராம்ல ஒரே வரிதான் டீச்சர். இப்பவே திருத்திடறேன்.”

பர்வீன் கீபோர்டை அவரிடமிருந்து வாங்கி, மேசையின் மறுபக்கம் வைத்தாள்.

“இதை நான் பார்த்துக்கறேன். நீங்க வண்டியை எடுங்கண்ணே. ஆஸ்பத்திரி பஸ் இன்னும் பாலத்தைத் தாண்டியிருக்காது.”