கார்டு இல்லாத மனிதர்

"நாப்பத்தொரு விதிங்க அம்மணி. ஒண்ணையும் நான் மீறலைங்க. அப்புறம் ஏனுங்க அந்த மனுசன் என் போனை எடுக்க மாட்டேங்கறாரு?"

சென்னியப்பன் இதைக் கேட்டது ஒரு சீனத் துறைமுக நகரத்தில், ஐந்தாவது மாடியில் இருந்த சின்ன அலுவலகத்தில். கேட்டவருக்கு வயது அறுபத்திரண்டு. பதில் சொல்ல வேண்டியவளுக்கு முப்பத்தைந்து.

லோகேஸ்வரி பினாங்குத் தமிழச்சி. சீனப் பள்ளியில் படித்தவள். தமிழ் வியாபாரிக்கும் சீன வியாபாரிக்கும் நடுவில் உட்கார்ந்து, ஒருவர் பேச்சை மற்றவருக்கு மாற்றிச் சொல்வது அவள் பிழைப்பு. எல்லாம் கெட்டுப்போன பிறகுதான் அவளைத் தேடி வருவார்கள். கெடுவதற்கு முன்னால் வந்தவர் ஒருவரும் இல்லை.

"என்ன விதி, ஐயா?"

அவர் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். கடைசிப் பக்கம் வரை எழுத்து, சீன வழக்கங்கள் பற்றிய ஒரு புத்தகத்தைப் பார்த்து எழுதியது.

"விசிட்டிங் கார்டை ரெண்டு கையாலயும் வாங்கணும். வாங்கினதை உடனே பாக்கெட்டுல போடக் கூடாது. படிச்சுப் பாக்கணும். கிளாசை இடிக்கறப்ப பெரியவங்க கிளாசுக்குக் கீழ நம்ம கிளாஸ் இருக்கோணும். சோத்துல சாப்பிடற குச்சியைச் செங்குத்தா நட்டு வெக்கக் கூடாது. அது பொணத்துக்குப் படைக்கறது."

"எல்லாம் சரி."

"சரிதானுங்க? அப்புறம் ஏனுங்க?"

பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் அவருக்குத் தேங்காய் நார் மில். அறுபத்து மூன்று பெண்கள் வேலை செய்கிறார்கள். பதினேழு வருடமாக மில்லில் அடித்த நார் முழுவதையும் வாங்கியது ஒரே ஆள்தான், மெத்தை செய்யும் லின். அந்த லின் பதினோரு மாதமாகப் பேசவில்லை. இப்படியே போனால் தை மாதத்தோடு மில்லைப் பூட்ட வேண்டும்.

"கடைசியா வந்தப்போ என்ன நடந்தது?"

"சண்டையே இல்லீங்க. நல்லபடியாத்தான் போச்சு."

"சின்னதா ஏதாவது?"

"ஒரு லோடு ஈரமா இருக்குதுன்னு ஒதுக்கி வெச்சிருந்தாங்க. லின்னோட கிடங்குல ஒரு வயசானவர் இருக்காரு. நாரைக் கையில புடிச்சுப் பார்த்து, காஞ்சது, காயாததுன்னு சொல்லுவாரு. மிஷின் எதுவும் கிடையாது. அவரு ஒதுக்கினதுங்க."

"அப்புறம்?"

"எனக்குத் தெரியுமே நம்ம சரக்கு. கோயமுத்தூர்ல ஈரம் அளக்கற மீட்டர் ஒண்ணு வாங்கிட்டு வந்திருந்தேன். கிடங்குலயே வெச்சு, நார்க்கட்டுக்குள்ள ஊசியைக் குத்திக் காமிச்சேன். பதினாலு. இன்னொண்ணு, பதினாலரை. பதினஞ்சு சதத்தைத் தாண்டினாத்தான் ஈரமுங்க. எல்லாமே காஞ்ச சரக்குங்க!"

"யார் யார் பார்த்தாங்க?"

"கிடங்கே பாத்துச்சு. முப்பது, நாப்பது பேரு இருப்பாங்க."

அதைச் சொல்லும்போது இப்போதும் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. அவர் மேல் கோபப்பட இதை எழுதும் எனக்கும் மனம் வரவில்லை. பதினான்கு என்றால் பதினான்குதானே.

"லின் என்ன சொன்னார்?"

"சிரிச்சாருங்க. தோள்ல தட்டினாரு. லோடை எடுத்துக்கிட்டாரு. சாயந்திரம் பெரிய விருந்து. வாசலைப் பாத்த நாற்காலி எனக்குத்தான். மீனோட தலையை என் பக்கமாத் திருப்பி வெச்சாங்க. இதுக்கு மேல என்ன மரியாதைங்க வேணும்?"

"அந்தப் பெரியவர் விருந்துக்கு வந்தாரா?"

"கடைசியில உக்காந்திருந்தாரு. எந்திரிச்சு வந்து, ரெண்டு கையாலயும் கிளாசைப் புடிச்சுக்கிட்டு, குனிஞ்சு என் கிளாசுக்குக் கீழ வெச்சு இடிச்சாரு."

"நீங்க?"

"நானுங்களா?"

"உங்க கிளாஸ் எங்கே இருந்தது?"

சென்னியப்பன் கையை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

"பெரிய பதவியில இருக்கறவங்களுக்குத்தானே நாம தாழ்த்தணும்? அவரு கிடங்குல வேலை செய்யறவருங்க. புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருந்துச்சு."

லோகேஸ்வரி எழுந்துபோய் ஜன்னலை மூடினாள். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது.

"கார்டெல்லாம் வெச்சிருக்கீங்களா, ஐயா?"

வைத்திருந்தார். கல்யாண ஆல்பம் போல ஒன்று. பதினேழு வருடத்துச் சீனக் கார்டுகள், எல்லாமே இரண்டு கையால் வாங்கியவை. மேஜை மேல் விரித்து வைத்தார்.

அவள் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். அவசரமே இல்லை. கடைசிப் பக்கமும் முடிந்தது.

"இதுல அவர் கார்டு எது?"

"எவருங்க?"

"ஈரம் பார்த்தவர்."

"அவருக்கு ஏதுங்க கார்டு?"

"பேர் என்ன?"

சென்னியப்பன் வாயைத் திறந்தார். ஆல்பத்தைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார்.

"பதினேழு வருசமா என் நாரைக் கையில புடிச்சுப் பாத்த மனுசன்..." என்றார்.

அவர் ஆல்பத்தை மூடினார்.

"நான் போயி மன்னிப்புக் கேக்கறேன் அம்மணி. லின்கிட்ட இல்லீங்க. அவர்கிட்ட. அந்தக் கிடங்குலயே, எல்லாரு முன்னாலயும் கேக்கறேன். கூட்டிட்டுப் போங்க."

"நீங்க அளந்து காட்டின மறுநாள்லேர்ந்து அவர் கிடங்குக்கு வரலையாம்."

"வீடு தெரியுமுங்களா?"

"தெரியும்."

"அப்பப் போலாமுங்க."

"ஐயா, அவர் முந்தாநாள் இறந்துட்டார். நீங்க வர்றதாச் சொன்னதும், உங்களுக்கு நேரம் கேட்கலாம்னு காலையில லின்னுக்குப் போன் பண்ணினேன். அப்பதான் சொன்னார்."

சென்னியப்பன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னாலயா?"

"நெஞ்சு வலி. பத்து வருஷமா இருந்ததாம்."

"அப்ப என்னால இல்லீங்களே?"

தெரியாததைச் சொல்லும் வழக்கம் லோகேஸ்வரிக்குக் கிடையாது.

சென்னியப்பன் எழுந்தார்.

"அவரு வீட்டுக்குப் போகணுங்க."

லின்னுக்குப் போர்த்துவதற்கென்று சிவப்புச் சால்வை ஒன்று வாங்கி வந்திருந்தார். அதை அவள் மேஜைமேல் வைத்தார். கைக்குட்டையை எடுத்து நெற்றிக் குங்குமத்தை அழுத்தித் துடைத்தார். சாவு வீட்டுக்குச் சிவப்பு கூடாது என்று சொல்ல வாயெடுத்த லோகேஸ்வரி அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

நோட்டும் மேஜையிலேயே கிடந்தது. அவர் அதைத் தேடவில்லை.

பழைய குடியிருப்பு ஒன்றில் மூன்றாம் மாடி வீடு. கதவில் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. உள்ளே படம், படத்துக்கு முன்னால் ஊதுபத்தி. படத்தில் அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. சென்னியப்பன் அப்போதுதான் அந்த முகத்தை முழுசாகப் பார்த்தார்.

படத்துக்குப் பக்கத்தில் இறந்தவரின் மனைவியான கிழவியும் லின்னும் நின்றார்கள். லின்னின் சட்டைக் கையில் கறுப்புத் துணி கட்டியிருந்தது.

"அது யாரு கட்டறதுங்க?" என்று சென்னியப்பன் லோகேஸ்வரியிடம் மெல்லக் கேட்டார்.

"மகன் கட்டுறது. அவங்களுக்குப் பிள்ளை இல்லை. லின்னுக்கு அப்பா இல்லை. தொழில் கத்துக் கொடுத்ததே அவர்தானாம்."

சென்னியப்பன் செருப்பைக் கழற்றினார். அந்த வீட்டில் வேறு யாரும் கழற்றவில்லை. படத்துக்கு முன்னால் போய்க் கைகூப்பிக் குனிந்தார். அவருக்கு நிமிரவே மனம் இல்லை. அவர் முதுகு குலுங்குவதை எல்லோரும் பார்த்தார்கள். அவர் அதை மறைக்கவும் இல்லை.

வருகிற எல்லோருக்கும் குனிவது போலவே லின்னும் கிழவியும் அவருக்கும் குனிந்தார்கள். கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பேரு மட்டும் கேளுங்க அம்மணி."

லோகேஸ்வரி கேட்டாள். லின்தான் பதில் சொன்னார். ஒரு முறை, நிதானமாக.

"ஹே யுங்ஷான்."

சென்னியப்பன் திருப்பிச் சொன்னார். தப்பாக வந்தது. கிழவி அவர் முகத்தைப் பார்த்து மறுபடி சொன்னாள். அவரும் மறுபடி சொன்னார். இந்த முறையும் பாதிதான் வந்தது. சரி என்பதுபோலக் கிழவி தலையசைத்தாள்.

சுவரோரம் ஒரு ஸ்டூல் இருந்தது. அதில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தார். மில்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு எழுந்தார். ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. திரும்பிப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசலில் ஒரு பெண் அவர் உள்ளங்கையில் எதையோ வைத்து அழுத்தினாள்.

தெருவுக்கு வந்த பிறகுதான் பயம் வந்தது.

"போயிட்டு வர்றேன்னு சொல்லாம வந்துட்டேனுங்க. நம்ம ஊருல சாவு வீட்டுல சொல்லிக்க மாட்டோம். இங்க தப்புங்களா?"

"இங்கேயும் சொல்ல மாட்டாங்க, ஐயா."

மழையில் நடந்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் அவர் நின்றார்.

"நாளைக்கு லின்கிட்ட மில் விசயம் பேசலாமுங்களா?"

"காலையிலேயே சொல்லிட்டார். மூணு வருஷத்துக்கு இலங்கைச் சரக்குக்குக் கையெழுத்துப் போட்டாச்சாம்."

"ஓ."

அறுபத்து மூன்று பேர். ஒவ்வொருவர் பேராக அவருக்கு நினைவு வந்ததா, எத்தனை பெயர் நினைவு வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

பிறகு கையை விரித்தார். உள்ளங்கையில் ஒரு மிட்டாய், சிவப்புத் தாளில் சுற்றியது.

"சாவு வீட்டுல இனிப்புக் குடுக்கறாங்களே அம்மணி?"

"வீட்டு வாசப்படி மிதிக்கிறதுக்குள்ள அதைச் சாப்பிட்டுடணும். சாவு வீட்டுத் துக்கம் நம்ம கூட வீட்டுக்கு வரக் கூடாதுன்னு கொடுப்பாங்க."

"திங்காம ஊருக்குக் கொண்டுபோனா?"

"கூடவே வரும்னு சொல்வாங்க."

சென்னியப்பன் மிட்டாயைச் சட்டைப் பையில் போட்டார். பையின் பொத்தானை மாட்டினார்.