முத்துப்பேச்சியின் வாசனை

"தாயே, இந்த வாசனையை விட்டுடவா?"

கேட்டவள் முத்துப்பேச்சி. ஆற்றங்கரைச் சுடுகாட்டில் பிணம் எரிப்பவள். புருஷன் செத்த மறுமாதம் அவன் வேலையைக் கையில் எடுத்தாள். பதினாறு வருஷம் ஆகிவிட்டது.

மலையடிவாரக் குடிலில் இருந்த இசக்கித்தாய் அவளைவிட இருபது வயது இளையவள். ஆனாலும் முத்துப்பேச்சிக்கு அவள்தான் குரு.

"எந்த வாசனை, அக்கா?"

முத்துப்பேச்சி இடுப்பிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்துத் திறந்தாள். எலுமிச்சைத் தோலை நிழலில் உலர்த்தி, சாம்பிராணிப் பொடியோடு நல்லெண்ணெயில் காய்ச்சி வடித்தது. தினமும் குளித்ததும் கழுத்திலும் மணிக்கட்டிலும் தடவிக்கொள்வாள்.

"எதுக்குத் தடவ ஆரம்பிச்சீங்க?"

"பொகை நாத்தம் போகட்டும்னுதான். எம்புட்டுக் குளிச்சாலும் முடியிலயே நிக்கும்."

"போச்சா?"

"அது போச்சு. இப்ப இந்த வாசனையே என்னைக் காட்டிக் குடுக்குது. பஸ்ஸுல ஏறினா, 'சுடுகாட்டுக்காரி வந்துட்டா'ன்னு திரும்பிப் பாக்காமலே சொல்லுதாங்க."

இசக்கித்தாய் குனிந்து குப்பியை முகர்ந்து பார்த்தாள்.

"நாளைக்கு என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். நான் தூக்கி வளத்த பிள்ளை. தங்கச்சி நேத்து வந்தா. 'யக்கா, அந்த எண்ணெயைத் தடவாம வா. நீ யாருன்னு மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிய வேண்டாம்'னா. உங்ககிட்ட கேட்டுச் சொல்லுதேன்னு அனுப்பிட்டேன்."

"விட்டுருங்க."

முத்துப்பேச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

"விட்டுருங்க, அக்கா. குப்பியை இங்க குடுங்க." இசக்கித்தாய் கையை நீட்டினாள்.

முத்துப்பேச்சியின் கையும் நீண்டது. பாதியில் நின்றது.

"எதுக்கு விடணும்?"

"தங்கச்சி கேக்குதாளே."

"அவ புருஷன் வெந்து முடியுற வரைக்கும் மழையில நின்னவ நான். கொள்ளி வச்சவங்க எல்லாம் போயிட்டாங்க. மறுநாள் என் கழுத்தைக் கட்டிக்கிட்டுத்தான் அழுதா. அன்னைக்கு இந்த வாசனை அவளுக்கு வேண்டியிருந்துச்சு!"

"நான் சொல்லுதேன். குடுங்க."

"தரமாட்டேன்."

"குரு சொன்னாலுமா?"

"நீங்க சொன்னாலும் சரி, சாமியே இறங்கி வந்து சொன்னாலும் சரி. பதினாறு வருஷம் இந்த ஊருப் பிணத்தை எல்லாம் எரிச்சிருக்கேன். ஒருத்தரையும் அரைவேக்காட்டுல விட்டதில்லை. நான் எதுக்கு ஒளியணும்?"

குப்பியை உள்ளங்கையில் சரித்தாள். கழுத்தில் தடவினாள், மணிக்கட்டில் தடவினாள், மிச்சத்தை இரண்டு கன்னத்திலும் அப்பிக்கொண்டாள். குடில் முழுக்க எலுமிச்சையும் சாம்பிராணியும் மணத்தன.

இசக்கித்தாய் நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள்.

"அப்போ எங்கிட்ட என்ன கேக்க வந்தீங்க, அக்கா?"

முத்துப்பேச்சி வாயைத் திறந்தாள். சிரிப்புதான் வந்தது.

மறுநாள் காலை கல்யாண மண்டபத்து வாசலில் தங்கை செல்லக்கனி நின்றிருந்தாள். அக்கா வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. அவள் முகம் வெளிறியது.

"யக்கா, உன் குரு என்ன சொன்னாங்க?"

"விடச் சொன்னாங்க."

"பெறகு?"

முத்துப்பேச்சி நிற்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே உள்ளே போனாள். பின்வரிசை நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன. அவற்றைத் தாண்டி நடந்தாள். பேச்சுகள் ஒவ்வொன்றாக நின்றன. மணமேடையிலிருந்து மணப்பெண் எட்டிப் பார்த்தாள்.

முன்வரிசையில் மாப்பிள்ளையின் தாயார் மூக்கைச் சுளித்துக்கொண்டு திரும்பினார்.

"நீங்க யாரு?"

"பொண்ணுக்குப் பெரியம்மா. ஆத்தங்கரையில பிணம் எரிக்குதேன்," என்றாள் முத்துப்பேச்சி. "கொஞ்சம் தள்ளி உக்காருங்க."