நாற்பத்திரண்டாவது இலை

முன்னொரு காலத்தில், ஆனி மாதம் பன்னிரண்டாம் நாள், உச்சிப்பொழுதில், செண்பகக்கோட்டை அரண்மனையில் நாற்பத்தொரு பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். போட்ட இலை நாற்பத்திரண்டு. மிஞ்சிய இலை சௌந்தரவல்லி அரசிக்கு. அவள் கண்ணை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது.

அந்த நாட்டை ஆண்ட செண்டலங்கார மன்னன் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அரசியைப் பற்றி யாரும் இறந்தகாலத்தில் பேசக் கூடாது, பேசினால் நாக்கு போய்விடும் என்று முரசறைந்திருந்தான். யோசனை இலக்கணப் புலவர் மாசிலாமணியுடையது. “‘வந்தார்’ என்றால் காரியம் முடிந்துபோயிற்று, மகாராஜா. ‘வருவார்’ என்றால் இன்னும் தொடங்கவில்லை. ‘வருகிறார்’ என்றால்தான் ஆள் இருக்கிறார்” என்று சொல்லி ஒரு சால்வையும் வாங்கிக்கொண்டார். மந்திரி திருமலைக்கொழுந்தின் இருக்கை மேல் அவருக்கு வெகுநாளாக ஒரு கண்.

ஏழு மாதத்தில் அரண்மனையின் பேச்சே மாறிவிட்டது. அரசி குளிக்கிறாள், தலை வாருகிறாள், சிரிக்கிறாள். பயந்தவர்கள் வினையை முடிக்காமலே விட்டார்கள். “அம்மா அன்றைக்கு இந்த ஜன்னல் பக்கம் நின்று...” என்று இழுத்து, வாயை மூடிக்கொண்டு, ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். பேச்சு பாதியில் நின்ற இடங்களிலெல்லாம் அவள் நிற்பதுபோல் மந்திரிக்குத் தோன்றும். அவரும் அந்த ஜன்னலருகே போவதில்லை.

அன்று அரசியின் பிறந்த நட்சத்திரம். அதுவரை உள்ளறையில் வைத்த இலையை முதன்முறையாகப் பந்தியில், தன் பக்கத்திலேயே போடச் சொன்னான் மன்னன். பரிமாறிய வடிவு, மாங்காய்ப் பச்சடி வைக்கும்போது கண் கலங்கி, “அம்மாவுக்கு இது எவ்வளவு பிடிச்சிருந்தது” என்றுவிட்டாள்.

“பிடிச்சிருந்ததா!” புலவர் துள்ளினார். “கேட்டீர்களா, மகாராஜா?”

மன்னன் வடிவைப் பார்க்கவே இல்லை. “பந்தி முடிந்ததும் நாக்கை அறுங்கள்.”

எல்லோரும் சாப்பிட்டு முடித்தார்கள். காவலர்கள் வடிவின் கையைப் பிடித்தார்கள்.

“பொறுங்களப்பா, பந்தி எங்கே முடிந்தது?” என்றார் மந்திரி. “மகாராஜா, நம் அரண்மனை வழக்கம் ஒன்று உண்டு. அரசி தன் இலையை மடித்த பிறகுதான் மற்றவர் எழலாம். அம்மா இன்னும் சாப்பிடுகிறார்.”

“நான் மடித்துவிடுகிறேனே” என்று புலவர் கை நீட்டினார்.

“சாப்பிடுகிறவர் இலையிலா கை வைக்கிறீர், புலவரே?”

புலவர் கையை இழுத்துக்கொண்டார். மன்னன், “அவள் மெல்லத்தான் சாப்பிடுகிறாள். உட்காருங்கள்” என்றான்.

உட்கார்ந்தார்கள். எச்சில் கை காய்ந்து இறுகியது. மோர் புளித்தது. எறும்புகள் எல்லா இலைக்கும் வந்தன. அந்த ஒரு இலைக்கு மட்டும் வரவில்லை. விளக்கேற்றும் வேளையில் சேனாபதி, “சோற்றைப் பாருங்கள்” என்று முணுமுணுத்தார். அரசியின் சோற்றின் நடுவே, ரசத்துக்கு விரலால் பறித்ததுபோல் ஒரு குழி. பரிமாறியபோதே இருந்ததா என்று யாருக்கும் நினைவில்லை. மந்திரியும் அந்தக் குழியையே பார்த்தார். அவர் போட்ட திட்டத்தில் இது இல்லை.

“கொழுந்து,” மன்னன் இலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான், “இவள் எப்போதய்யா எழுந்திருப்பாள்?”

“தாங்கள் விடை கொடுத்தால் எழுவார், மகாராஜா. ஏழு மாதமாக நாம்தான் பிடித்து உட்கார வைத்திருக்கிறோம்.”

அந்த நாட்டில் விருந்துக்கு வந்தவர்கள் இலையைத் தம் பக்கம் மடிப்பார்கள். சாவு வீட்டில் எதிர்ப்பக்கம். மன்னன் வெகுநேரம் கையை நீட்டியபடி இருந்தான். பிறகு அரசியின் இலையை எதிர்ப்பக்கமாக மடித்தான்.

“போய்விட்டாள்” என்றான். “ஏழு மாதம் ஆயிற்று.”

காவலர்கள் வடிவை விட்டார்கள். மன்னன் தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். “புலவரே, எச்சில் இலை முழுவதையும் நீரே எடும்” என்றான். புலவர் நாற்பத்தொன்றை எடுத்தார். கடைசி இலையைத் தொடமாட்டேன் என்று அழுதார். அதை வடிவு எடுத்துப்போனாள்.

அவ்வாண்டு கார்த்திகை மாதம் தேய்பிறை ஏழாம் நாள் சௌந்தரவல்லி அரசிக்கு முதல் திவசம் நடந்தது. எள்ளும் தண்ணீரும் மன்னனே இறைத்தான்.