காய் குளித்த அண்டா

ராசா முத்திரை வைத்த மனையில்தான் சூதாடலாம் என்று சட்டம் இருந்த காலம். பகடைக் காயைச் சோதித்துக் கொடுப்பது கண்காணி வீரமார்த்தாண்டனின் வேலை. சோதிப்பவனைச் சோதிக்க ஆளில்லாததால் அவன் மீசை காதுவரை வளர்ந்திருந்தது.

அங்கே தண்ணீர் சுமந்தவள் மலைக்காரி நஞ்சி, அண்ணன் பணயம் வைத்துத் தோற்ற தங்கை. மனை வாசலில் நின்றாலே அவள் மலை தெரியும். அதில் மேகம் இறங்கினால் குடம் வழிவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

"ஆறு போடு, இப்பவே மலைக்கு அனுப்பிடறேன்" என்று கண்காணி ஒரு மரக்காயை நீட்டுவான். எத்தனை தரம் உருட்டினாலும் ஒன்றுதான் விழும். மனையே சிரிக்கும். தான் ஆடும்போது மட்டும் கண்காணி மடியிலிருந்து வேறொரு காயை எடுப்பான்.

ஒருநாள் ராசா பார்வையிட வந்தார். அவர் முன்னாலும் கண்காணி அதே வேடிக்கையைத் தொடங்கினான். நஞ்சி காயை வாங்கிக் கும்பிட்டாள்.

"சாமி, எங்க மலையிலே காயைக் குளிப்பாட்டாம உருட்ட மாட்டோம். கண்காணி ஐயா மடியிலே இருக்கிற காயும் கூடக் குளிக்கட்டும்."

ராசா தலையசைத்தார். தண்ணீர் அண்டாவில் இரண்டும் மிதந்தன. அவள் காயில் ஒன்று மேலே நின்றது, கண்காணியின் காயில் ஆறு. ராசா விரலால் புரட்டிவிட்டார். திரும்பவும் ஒன்று, திரும்பவும் ஆறு. உள்ளே ஈயம் ஊற்றியிருந்தது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. மீசை தொங்கிப்போயிற்று.

"இனி இந்த மனைக்கு நீதான் கண்காணி" என்றார் ராசா.

"அதுக்கு இந்த அண்டா போதும் சாமி" என்றாள் நஞ்சி, வாசலைப் பார்த்தபடி. "எங்க மலையிலே மழை இறங்கிடுச்சு. நான் போய் நனையணும்."