மூணாவது அட்டை

காலை நீட்டிப் படு, தாமரை. வெயில் தாழட்டும், அப்புறம் விளையாடப் போலாம். அத்தை சொல்லச் சொல்ல "ம்" கொட்டணும். "ம்" நின்னா கதையும் நின்னுடும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு அச்சாபீஸ் இருந்துச்சு. வாசல்லயே மை வாசம் வரும். அங்க ரெண்டு பொண்ணுங்க. பூங்கோதை ஈய எழுத்தை அடுக்கி வாசகம் கோப்பா. மாரிக்கனி கல்யாணப் பத்திரிகை மடிப்பா. மெஷின் டடக் டடக்னு ஓடும். கனி கட்டை விரல் நகத்தால சரக் சரக்னு மடிச்சுக்கிட்டே ஊர்க்கதை பேசுவா. நாள் போறதே தெரியாது.

"ம்."

அப்போ கனிக்குப் பெரிய வியாதி வந்துடுச்சு. பெரியாஸ்பத்திரில ரெண்டு தடவை மருந்து ஏத்துனாங்க. முடியெல்லாம் கொட்டிப் போச்சு. மூணாவது ஏத்த வியாழக்கிழமை போகணும். "நான் போகமாட்டேன். இனி என்னை யாரும் கூப்பிடாதீங்க"னு படுத்துட்டா.

"பூங்கோதை போய்ப் பார்க்கலையா?"

பயம். அந்தத் தலையைப் பார்த்தா அழுதுடுவோம்னு பயம். அதனால, தைரியம் சொல்லி ஒரு அட்டை அடிச்சுத் தபால்ல அனுப்பினா. ஆனா அவளுக்குத் தெரிஞ்சது கல்யாணப் பத்திரிகைதானே? செவப்பு மை, சுத்திலும் பூ, "அன்புடையீர்"னு ஆரம்பம். கைப் பழக்கத்துல நாலு மூலைலயும் மஞ்சளைத் தடவிட்டா!

"அய்யோ!"

பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்து, "கனிக்குக் கல்யாணமா? மாப்பிள்ளை எந்த ஊரு?"ன்னாங்க. கனி சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.

அப்புறம் பூங்கோதைக்கு விஷயம் தெரிஞ்சுது. பூ வேணாம், செவப்பு வேணாம், மஞ்சள் வேணவே வேணாம்னு மளமளன்னு இன்னொண்ணு அடிச்சா. வெள்ளை அட்டை, கறுப்பு மை, சுத்திலும் பட்டையா ஒரு கோடு. நடுவுல "மாரிக்கனி"ன்னு பெரிசா.

"நல்லாத்தானே இருக்கு?"

நல்லாவா இருக்கு? கனியோட அம்மா தலைவிரி கோலமா அச்சாபீஸுக்கே வந்துட்டா. "அடிப்பாவி, எம் பொண்ணு உசுரோட இருக்கா! அதுக்குள்ள கருமாதிப் பத்திரிகை அடிச்சுட்டியே!"

பூங்கோதை பழைய மாதிரி அட்டையெல்லாம் புரட்டிப் பார்த்தா. கல்யாணத்துக்கு வாசகம் இருக்கு, சாவுக்கு வாசகம் இருக்கு. நோவுல கெடக்கறவளுக்கு அந்த அச்சாபீஸ்ல ஒரு வாசகமும் இல்ல.

புதன்கிழமை சாயங்காலம் மெஷினை நிறுத்திட்டா. ஒரு அட்டையைக் கையாலயே வெட்டி, கையாலயே மடிச்சு, பென்சிலால எழுதினா: "எனக்கு என்ன எழுதறதுன்னு தெரியல கனி. நாளைக்கு நானும் வரேன்." தபால்ல போடல. தானே எடுத்துக்கிட்டு விறுவிறுன்னு நடந்தா.

"ம்..."

கனி அட்டையை வாங்கிப் பார்த்தா. "மொதல்ல கல்யாணம் பண்ணி வெச்ச. அப்புறம் கருமாதி பண்ணின. இது என்னடி, காதுகுத்தா?"ன்னா.

பூங்கோதை சிரிச்சா. சிரிக்கும்போதே அழுகை வந்துடுச்சு. கனி கண்டுக்கல. "மடிப்பைப் பாரு, கோணல் மாணலா. இத்தனை வருஷம் பக்கத்துல உக்காந்து என்னத்தக் கத்துக்கிட்ட?"ன்னு நகத்தால சரக்னு ஒரு இழுப்பு இழுத்தா. மடிப்பு நேராச்சு. அப்புறம் மெதுவா, "எத்தனை மணி பஸ்சு?"ன்னா.

"போனாங்களா?"

போனாங்க. கனி கையில மருந்து சொட்டு சொட்டா இறங்குது. பக்கத்துக் கட்டில்ல ஒரு வயசான அம்மா, கனி மடில இருந்த அந்த அட்டையையே பார்த்துக்கிட்டு இருந்தா. "எனக்கும் ஒண்ணு தருவியா தாயி?"

பூங்கோதை பையைத் துழாவி ஒரு அட்டை எடுத்தா. கனி ஒத்தைக் கையால மடிச்சுக் குடுத்தா. பூங்கோதை பென்சிலை எடுத்து, "என்ன எழுதணும்மா?"ன்னா.

"ஒண்ணும் எழுத வேணாம். என் பேரை மட்டும் போடு. இங்க எல்லாரும் பதினாலாம் நம்பர்னுதான் கூப்பிடறாங்க."

ராக்காயின்னு எழுதிக் குடுத்தா. அந்தம்மா எழுத்துக் கூட்டிக் கூட்டி, வாய்விட்டுப் படிச்சா. ரா. க். கா. யி.

"அத்தை... கனிக்குச் சரியாச்சா?"

நாலு வருஷம் இருந்தா. மருந்துக்குப் போறப்பெல்லாம் பை நிறைய அட்டை கொண்டு போவா. அப்புறம் பூங்கோதை மட்டும் அந்தப் பையை எடுத்துக்கிட்டுப் போனா.

"ம்..."

அவ்வளவுதான் கதை. "ம்" போதும். கண்ணை மூடு.