நனையாத கொடி

வெள்ளைக்காரக் கும்பினி ராஜ்ஜியம் நடந்த காலத்தில் ஒரு பட்டுக்கொடி இருந்தது. பவிசு என்றால் அப்படியொரு பவிசு! ஓர் ஐப்பசியில், தெற்கே கரிசல் சீமையில் இருந்த கும்பினிக் கோட்டையைப் பாளையக்காரர் ஆட்கள் வளைத்துக்கொண்டதாகத் தகவல் வந்தது. உள்ளே பதினைந்து நாளைக்குத்தான் அரிசி. உடனே மீட்புப் படை கிளம்பியது. முன்னால் கொடி, பின்னால் பீரங்கி, பீரங்கியை இழுக்க மாடுகள்.

அந்த மாடுகளில் ஒன்று செவலை. அதற்கு மட்டும் அவசரம். எட்டு வருஷம் ஒரே நுகத்தில் கூட நடந்த மயிலைக்காளை அந்தக் கோட்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. அரிசி தீர்ந்தால் சிப்பாய்களின் கண் அடுத்து எதன்மேல் விழும் என்று செவலைக்குத் தெரியாதா என்ன?

"ஆறே நாள் நடை. போயிரலாம்," என்று கழுத்தை நீட்டி இழுத்தது.

இரண்டாம் நாள் தூறல் போட்டது.

"நில்லுங்கள்!" என்று அலறியது கொடி. "பட்டு நனைந்தால் சாயம் போய்விடும். என்னைப் பெட்டியில் வையுங்கள்."

"நீங்க பெட்டியில இருங்க துரை, நாங்க நடக்கோம்," என்றது செவலை.

"அதெப்படிடா? கொடிக்கு முன்னால் ஒருத்தரும் போகக் கூடாது. கொடி பெட்டியில் இருந்தால் படை நகரவே கூடாது. அதுதான் சட்டம்," என்றது பீரங்கி. அதற்கென்ன, சேற்றில் சுகமாகப் படுத்துக்கொண்டது.

ஐப்பசி மழை சட்டத்துக்கா பயப்படும்? வெயில் எட்டிப் பார்த்தால் ஒரு மைல் நடை, மேகம் கறுத்தால் மூன்று நாள் கூடாரம்.

"அங்கே உயிர் போயிட்டிருக்கு துரை!" என்று செவலை கெஞ்சியது.

"உயிரைவிட மானம் பெரிது," என்றது பெட்டிக்குள்ளிருந்து கொடி.

முப்பத்தோராம் நாள் போய்ச் சேர்ந்தார்கள். கோட்டைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே ஈ காக்கை இல்லை. அவிழ்த்து விட்டதுமே செவலை கொட்டில் கொட்டிலாகத் தேடி, "அய்யோ, மயிலை!" என்று கதறியது.

"எதுக்கு இந்தக் கத்து கத்துதே?" என்று மதிலுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

செவலை ஒரே ஓட்டமாக ஓடிப் பார்த்தது. புஞ்சையில் மயிலை ஏர் இழுத்துக்கொண்டிருந்தது! நுகத்தின் மறுபக்கம், உழுது பிழைக்கும் சம்சாரி வெயிலுமுத்து தோள் கொடுத்திருந்தார். பின்னால் அவர் பெண்சாதி மேழி பிடித்திருந்தாள்.

"அடப்பாவி, உயிரோட இருக்கியா!" செவலைக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

"மழை விழுந்துச்சு. வளைச்சு நின்னவங்க எல்லாரும் சம்சாரிங்கதானே, விதைக்கப் போயிட்டாங்க. சிப்பாய்ங்க சந்தடியில்லாம வடக்கே நழுவிட்டாங்க. சேத்துல நான் வேகமா நடக்கலையாம், விட்டுட்டுப் போயிட்டாங்க. நல்ல காலம்!"

அதற்குள் வெயில் வந்துவிட்டது. கோட்டை உச்சியில் ஏறிக்கொண்ட கொடி, "மீட்டுவிட்டோம்! மீட்டுவிட்டோம்!" என்று படபடத்தது. பீரங்கி மூன்று முறை வெடித்தது.

வெயிலுமுத்து நிமிர்ந்து பார்த்தார். "யாருகிட்டய்யா சொல்லுது அது? சரி, கத்திட்டுப் போகட்டும். வாய்யா செவலை, எனக்குத் தோள்பட்டை கழண்டுபோச்சு. ஈரம் காயுமுன்னே உழுது முடிச்சிருவோம்."

அவர் விலகிக்கொள்ள, செவலை போய் நுகத்துக்குக் கழுத்தைக் கொடுத்தது.