பேர் சொல்லாதது

முன்னொரு காலத்தில் ஒரு ராசா இருந்தான். அவன் பேர் இந்தக் கதைக்கு வேண்டாம். ஆடு மேய்க்கிறவனுக்கு மழை பெய்த வருசமெல்லாம் நல்ல ராசா, பெய்யாத வருசமெல்லாம் கெட்ட ராசா. இது ஒரு நல்ல ராசாவின் வருசத்தில் நடந்தது. மேட்டுக்காடெங்கும் கொழுக்கட்டைப் புல் முழங்கால் உயரம் நின்றது.

அந்த ராசாவின் சீமையில், மலையடிவாரத்தில், பொம்மணன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு ஒரு பெண்சாதி, ஒரு கிணறு, முப்பது செம்மறிகள், வீட்டுப் பாலுக்கு ஒரு வெள்ளாடு. பெண்சாதியின் பேர் அத்தாயி.

கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு ஆட்டுப்பட்டி இருந்தது. அது ராக்கியண்ணனுடையது. ராக்கியண்ணன் அத்தாயியின் கூடப்பிறந்த அண்ணன். பொம்மணனுக்கு மச்சான்.

மச்சானும் மாப்பிள்ளையும் ஏழு வருசமாகப் பேசுவதில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். ஏழு வருசத்துக்கு முன்னால் ராக்கியண்ணன் வீட்டில் கிடாவெட்டு நடந்தது. பந்தியில் உட்கார்ந்த எல்லார் இலையிலும் ஈரல் விழுந்தது. பொம்மணன் இலையில் மட்டும் கழுத்தெலும்பு விழுந்தது. சிரிக்காதீர்கள். கட்டிக்கொடுத்த வீட்டு மாப்பிள்ளையின் இலையில் விழுந்தால் அது வெறும் எலும்பா? பொம்மணன் இலையை மடக்கினான், எழுந்தான், கையைக் கூடக் கழுவாமல் வீடு வந்து சேர்ந்தான்.

அன்று முதல் மச்சானின் பேரை அவன் வாயால் சொல்வதில்லை. சொல்லியே தீரவேண்டும் என்றால், "அந்தப் பேர் சொல்லாதது" என்பான். ‘சொல்லாதவன்’ என்றால் மனுசனாக மதித்தது போல் ஆகிவிடும் என்று, ஆடு மாட்டைச் சொல்வது போல் ‘அது’ என்றே சொல்லிவந்தான்.

போன வருசம் குட்டி போடுகிற காலத்தில் ராக்கியண்ணன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தான். "ஏம் புள்ளே அத்தாயி, உங்க குட்டியெல்லாம் நல்லாத் தேறியிருக்குதே!" என்றான். எண்ணி எட்டாம் நாள் ஒரு குட்டி வயிறு ஊதிச் செத்தது.

"பார்த்தியா? அந்தப் பேர் சொல்லாததோட கண்ணு!" என்றான் பொம்மணன். அதையும் கழுத்தெலும்போடு சேர்த்து நெஞ்சுக்குள் முடிந்துகொண்டான்.

இந்த வருசம் தை பிறந்தது. ஆடுகள் வயிறு தாழ்ந்து, மடி இறங்கி, நடை மெதுவாகிவிட்டன.

குட்டி போடுகிற காலத்தில் ஆட்டுக்காரன் வீட்டில் யாரும் முழுசாக ஒரு வாய் சோறு தின்ன முடியாது. விடிந்ததும் படலைத் திறக்க வேண்டும். ஈன்ற ஆட்டை மந்தையிலிருந்து பிரித்துக் கட்ட வேண்டும். குட்டியின் மூக்கை வழித்துவிட்டு, அது எழுந்து சீம்பால் குடிக்கிற வரைக்கும் பக்கத்தில் நிற்க வேண்டும். தாய்கள் மேய்ச்சலுக்குப் போனதும் குட்டிகளைப் பெரிய கூடையால் கவிழ்த்து மூட வேண்டும். இல்லாவிட்டால் பருந்து தூக்கிக்கொண்டு போய்விடும்.

இத்தனை வேலையோடு பொம்மணன் இந்த வருசம் இன்னொரு வேலையும் சேர்த்துக்கொண்டான். கண்ணேறு படாமல் இருக்க ஒரு மருந்து. அதன் பேரைப் பொழுது சாய்ந்த பிறகு நம்மவர்கள் சொல்வதில்லை. "பேர் சொல்லாதது" என்றுதான் சொல்வார்கள். இப்போது வெயில் இருக்கிறது, நாம் சொல்லிவிடலாம்: வசம்பு. பொம்மணன் அதைச் சுட்டுக் கரியாக்கி, வேப்பெண்ணெய் விட்டு அரைத்து, ஒரு சிரட்டை நிறைய வைத்துக்கொண்டான். குட்டி மண்ணில் விழுந்ததோ இல்லையோ, மச்சான் கண் படுவதற்கு முன்னால் தலையிலிருந்து வால் வரைக்கும் பூசிவிட்டான்.

முதல் நாள் ஒரு ஆடு ஈன்றது. குட்டியை மோந்தது. காலைத் தட்டியது. மடிக்கு வந்த குட்டியை முட்டித் தள்ளியது.

இரண்டாம் நாள் இன்னொரு ஆடு ஈன்றது. மோந்தது. தட்டியது. தள்ளியது.

மூன்றாம் நாளும் அப்படியே.

முதல் இரண்டு குட்டிகளும் சீம்பால் காணாமல் செத்துப்போயின. மூன்றாவதை அத்தாயி மடியில் போட்டுக்கொண்டு, வெள்ளாட்டுப் பாலில் துணியை நனைத்துச் சப்பவைத்து உயிரைப் பிடித்து வைத்திருந்தாள். இன்னும் பன்னிரண்டு ஆடுகள் ஈனவேண்டும். பன்னிரண்டும் இப்படியே போனால் அந்த வருசத்துக் குட்டி என்று சொல்லிக்கொள்ளப் பட்டியில் ஒன்றும் இருக்காது.

பொம்மணன் குந்தி உட்கார்ந்து அந்த மூன்றாவது ஆட்டையே பார்த்தான். அதிசயமாக இருந்தது. குட்டி அதன் முன்னால்தான் நிற்கிறது. ஆடோ தலையைத் தூக்கித் தூக்கிக் குட்டியைத் தேடிக் கத்துகிறது. ‘கண்ணு தெரியலையோ?’ என்று அதன் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினான். ஆடு கண்ணைச் சிமிட்டியது. ‘காது கேட்கலையோ?’ என்று குட்டியைக் கிள்ளிக் கத்தவைத்தான். ஆடு காதைத் திருப்பி, ஓடி வந்து, மோந்து பார்த்து, மறுபடியும் முட்டியது.

கண் இருக்கிறது, காது இருக்கிறது, தாய்ப்பாசமும் இருக்கிறது. பின்னே என்னதான் கெட்டுப்போனது?

பொழுது இறங்குகிற நேரம், உப்பு விற்கிற வேம்பி இரண்டு கழுதைகளோடு வந்தாள். அத்தாயி மடியில் கிடந்த குட்டியைத் தூக்கினாள். மூக்கருகே கொண்டுபோனவள் முகத்தைச் சுளித்தாள்.

"ஏனய்யா, இது அந்தப் பேர் சொல்லாதது பண்ணின வேலையாச்சே!"

பொம்மணன் துள்ளி எழுந்தான். "நீயும் கண்டுபிடிச்சிட்டியா!"

"மூக்கு இருக்கிறவ யாரும் சொல்லுவா. அதை முதல்லே பட்டிக்குள்ளே விடாதீங்க."

"விடுவேனா? வேலிக்கு இந்தப் பக்கம் வரட்டும், காலை ஒடிச்சுப் போடறேன்!"

வேம்பிக்கு ஒன்றும் புரியவில்லை. "காலா? அதுக்கு ஏதய்யா காலு?"

"அதைத்தான் நானும் சொல்றேன். நான் ஒடிச்ச பிறகு ஏது காலு!"

வேம்பி அத்தாயியைப் பார்த்தாள். அத்தாயி வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டாள்.

"சரி, இருட்டறதுக்குள்ளே ரெண்டு படி அளந்து போடட்டுமா?" என்றாள் வேம்பி.

"அடுத்து எங்கே போறே?"

"வேலிக்கு அந்தப் பக்கம்தான்."

"அங்கே அவிழ்க்கிற மூட்டை இங்கே அவிழ வேண்டாம். நடையைக் கட்டு."

வேம்பி கழுதைகளை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"ஏனுங்க, அவ சொன்னது வந்து..." என்றாள் அத்தாயி.

"உங்கண்ணனுக்குப் பரிஞ்சுக்கிட்டு வராதே."

"அண்ணனை இல்லீங்க, நான் சொல்றது..."

"பேசாதே."

"அந்தச் சிரட்டையிலே..."

"பேசாதேன்னு சொன்னேன்!"

மூன்று தரம் வாயைத் திறந்தாள், மூன்று தரம் மூடினாள். காது மூடிய ஆளிடம் சொல்லிப் பயனில்லை, கண்ணால் பார்க்கவைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பொம்மணன் வேலியோரம் போய் நின்று கத்தினான். "ஏய்! உப்புக்காரியே சொல்லிட்டா! என் குட்டிகளைத் தாயை விட்டுப் பிரிக்கிறது உன் கண்ணுதான்!"

ராக்கியண்ணன் அந்தப் பக்கம் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். ஏழு வருசத்துக்குப் பிறகு காதில் விழுந்த முதல் பேச்சு இது. திரிப்பதை நிறுத்தாமல் சொன்னான்: "மாப்பிள்ளைக்கு வாய் இருக்குது. நான் ஒட்டிப்போச்சோன்னு இருந்தேன்."

"நாளைக்கு என் சுட்டி ஆடு ஈனப்போகுது. தைரியமிருந்தா என் கண் முன்னாலே இந்த வேலியோரம் வந்து நில்லு. அதுவும் குட்டியை உதைச்சா, உன் பட்டியைக் கிழக்கே கடைசிக் காட்டுக்கு மாத்திக்கணும்."

"மாத்திக்கிறேன். உதைக்கலேன்னா?"

பொம்மணன் வேலியிலிருந்து ஒரு கிளுவைக் குச்சியை முறித்தான்.

"உதைக்கலேன்னா," என்றான் ராக்கியண்ணன், "ஏழு வருசமாச் சொல்லாத என் பேரை மூணு தரம் சொல்லணும். ஆடு நிமிர்ந்து பார்க்கிற மாதிரி."

"சரி!" என்றான் பொம்மணன்.

மறுநாள் உச்சி வெயில். நெற்றியில் வெள்ளை விழுந்த சுட்டி, வேலாமர நிழலில் படுத்து முக்கியது. அந்தப் பட்டியிலேயே கெட்டிக்கார ஆடு அதுதான். வேலிக்கு அந்தப் பக்கம் ராக்கியண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றான்.

குட்டி விழுந்தது. பொம்மணன் சிரட்டையை எடுத்தான். அடியில் கொஞ்சம்தான் ஒட்டியிருந்தது.

"அத்தாயி! மருந்து எங்கே?"

"எறும்பு மொய்ச்சுது, கொட்டிட்டேனுங்க. இருக்கிறதைப் பூசுங்க."

வழித்துப் பூசினான். அந்த ஒரு குட்டிக்குச் சரியாக இருந்தது. கையை எடுக்குமுன் சுட்டி மறுபடியும் முக்கியது. இரண்டாவது குட்டி வந்து விழுந்தது.

"இரட்டைக் குட்டி! அத்தாயி, ஓடு, இன்னும் கொஞ்சம் அரைச்சுக் கொண்டா!"

"இதோ அரைக்கிறேனுங்க" என்று அத்தாயி அம்மி முன்னால் போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள், குழவியைத் தொடவில்லை. சுட்டியின் வயிற்றைத் தடவிப் பார்த்தபோதே இரட்டை என்று அவளுக்குத் தெரியும்.

சுட்டி எழுந்தது. முதல் குட்டியை மோந்தது, காலைத் தட்டியது, முட்டித் தள்ளியது.

"பார்! பார்! கட்டு உன் பட்டியை!" என்று பொம்மணன் குதித்தான்.

சுட்டி திரும்பியது. இரண்டாவது குட்டியை மோந்தது. தொண்டைக்குள் மெல்லக் கனைத்தது. தலையிலிருந்து வால் வரைக்கும் நக்கி, மடிக்குக் கீழே ஒதுக்கி நிறுத்திக்கொண்டது. குட்டி வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது.

குதித்த பொம்மணன் அப்படியே நின்றான்.

"ரெண்டையும் நான்தான் பார்த்தேன் மாப்பிள்ளை. கண்ணைக் கூடச் சிமிட்டலே" என்றான் ராக்கியண்ணன்.

ஒரே வயிறு, ஒரே நேரம், வேலிக்கு மேலே ஒரே கண். அப்படியிருந்தும் ஒன்று ஆகிறது, ஒன்று ஆகவில்லை. பொம்மணன் மண்டையைச் சொறிந்தான். முதல் குட்டியைத் தூக்கி, ஆடு செய்தது போலவே மோந்தான். காரம் மூக்கில் ஏறித் தும்மினான். இரண்டாவது குட்டியை மோந்தான். பனிக்குடத்து நீரும் பாலும் மணத்தது. மூன்றாவதாகத் தன் உள்ளங்கையை மோந்தான்.

நெடுநேரம் கையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

"வேம்பி சொன்ன பேர் சொல்லாதது எதுன்னு இப்போ தெரிஞ்சுதுங்களா?" என்று அம்மி முன்னாலிருந்து அத்தாயி கேட்டாள்.

பொம்மணன் தலை குனிந்தது. ஆட்டுக்குத் தன் குட்டி என்பது ஒரு வாசனை. அந்த வாசனையை அழித்தது வேலிக்கு அந்தப் பக்கத்துக் கண் அல்ல, இந்தப் பக்கத்துக் கை.

ஆனால் நின்று வருந்த நேரமில்லை. உதைபட்ட குட்டி நடுங்கிக்கொண்டிருந்தது. சீம்பால் உள்ளே போகாவிட்டால் பொழுது சாய்வதற்குள் அதுவும் போய்விடும். இருவருமாக வெதுவெதுப்பான அரிசி கழுநீரில் மூன்று தரம் கழுவினார்கள். இரண்டாவது குட்டியின் மேலிருந்த ஈரத்தை எடுத்து அதன் மேல் தடவினார்கள். இனி உப்பைத் தூவினால் ஆடு ருசிக்கு நக்கும். நக்கினால் தன் எச்சில் வாசனை ஏறும். ஏறினால் ஏற்றுக்கொள்ளும். இது அந்தக் காட்டில் எல்லா ஆட்டுக்காரனுக்கும் தெரிந்த வேலை.

அத்தாயி உப்புப் பானையைக் கவிழ்த்துத் தட்டினாள். ஒரு கல் விழவில்லை. வேம்பியின் உப்பு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

பொம்மணன் வேலியைப் பார்த்தான். குட்டியைப் பார்த்தான். தொண்டையைக் கனைத்தான்.

"ராக்கியண்ண மச்சான்" என்றான், பல்லுக்குள்ளே.

"காத்து பலமா அடிக்குது. ஒண்ணும் கேட்கலே" என்றான் ராக்கியண்ணன்.

"ராக்கியண்ண மச்சான்!"

"யாரோ யாரையோ கூப்பிடறாப்பிலே இருக்குது."

குட்டியின் கழுத்து தொங்கிவிட்டது. பொம்மணன் மூச்சை இழுத்துப் போட்ட கூச்சலில் இரண்டு பட்டி ஆடுகளும் தலை நிமிர்ந்தன.

"ராக்கியண்ண மச்சான்! உப்புக் கொண்டா!"

ராக்கியண்ணன் ஓடினான். வேட்டி மடியில் உப்பை அள்ளிக்கொண்டு, சுற்றி வர நேரமில்லாமல், கிளுவை வேலியைப் பிளந்துகொண்டு கையெல்லாம் கீறலோடு வந்து விழுந்தான். உப்பைத் தூவினார்கள். சுட்டி மோந்தது. தும்மியது. யோசித்தது. ஒரு தரம் நக்கியது. இரண்டு தரம் நக்கியது. மூன்றாம் தரம் நக்கி, மெல்லக் கனைத்தது.

இரண்டு வால்கள் ஒரே மடிக்குக் கீழே ஆடின.

"மாப்பிள்ளை," என்றான் ராக்கியண்ணன், "அந்தக் கழுத்தெலும்பு வந்து..."

"அதைப் பேசாதே. அது வேறே" என்றான் பொம்மணன். ஆனாலும் பிளந்த வேலியை அவன் அடைக்கவில்லை.

அத்தாயி வளர்த்த மூன்றாவது குட்டியையும் அப்படியே கழுவி, உப்புத் தூவித் தாயோடு சேர்த்தார்கள். மீதிப் பதினொரு ஆடுகளும் ஈன்றன. ஒன்றும் உதைக்கவில்லை. ஒவ்வொரு குட்டியையும் தொடுமுன் பொம்மணன் கையைக் கழுவி மோந்து பார்த்துக்கொண்டான். செத்த இரண்டு குட்டிகளை நினைக்கும்போது மட்டும், பழியை யார் மேலும் போட முடியாமல், இன்னொரு தரம் கையைக் கழுவுவான். அடுத்த கிடாவெட்டில் அவன் இலையில் முதல் ஈரல் விழுந்தது. "ஏழு வருசம் ஆறிப்போன ஈரல்" என்று சொல்லிக்கொண்டே முழுசும் தின்றான்.

ஆகவே கேட்டுக்கொள்ளுங்கள்: பட்ட அவமானத்தை மறக்காமல் வைத்திருந்தாலும் வைத்திருங்கள், ஆனால் வந்த கேட்டுக்கெல்லாம் அதையே காரணம் காட்டுகிறவன் தன் கையின் வாசனையை ஒருநாளும் அறியமாட்டான்.